ஏழாம் விதியை எடுத்துவிடுங்கள்

பிரித்தானியாவில் குறும்படப் போட்டி நடத்தும் தமிழ்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒரு சங்கம் நடத்திய போட்டிக்கு நானும் ஒரு படம் அனுப்பியிருந்தேன். எந்தச் சங்கம் என்று எழுதப்போவதில்லை. உங்கள் விண்ணப்பப் படிவங்கள் எல்லாம் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதினதுபோலத்தான் இருக்கின்றன. எனக்கு வந்த படிவத்தில் அது ஏழாவது விதி: ‘படைப்பு சமூகத்துக்குப் பயன்தரும் கருத்தொன்றைக் கொண்டிருத்தல் வேண்டும்.’

என் படத்தின் பெயர் ‘தூள்’. ஆறு நிமிடம் பத்து வினாடி. மாமி யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுக்கத் தொடங்குகிறார். ஸ்மோக் அலாம் அடிக்கிறது. மாமா துவாயை எடுத்து விசுக்குகிறார், நிற்கவில்லை. கதிரையில் ஏறிப் பற்றரியைக் கழற்றுகிறார், அப்போதும் நிற்கவில்லை. ஏனென்றால் இப்போது அடிப்பது பக்கத்து வீட்டு அலாம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் இருமிக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறார். சண்டை பிடிக்க வந்த மனுசன் ஒரு ஜாம் போத்தலில் தூள் வாங்கிக்கொண்டு போகிறார். அவ்வளவுதான் கதை.

பரிசளிப்பு முடிந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றபோது நடுவர்களில் ஒருவர் என்னிடம் வந்தார். நல்ல மனுசன், வாசிக்கிறவர்.

‘தம்பி, உம்மடை படம் பார்த்துச் சிரிச்சம், மெய்தான். ஆனா நீர் என்ன சொல்ல வாறீர்?’

‘மாமி தூள் வறுக்கிறா எண்டு சொல்ல வாறன், ஐயா.’

நக்கலடிக்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிவிட்டார். நான் நக்கலடிக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் படத்துக்குப் பரிசு தந்திருக்க வேண்டும் என்று சண்டை பிடிக்கவில்லை. நாலாவது நிமிடத்தில் கதை தொய்கிறது. ஒலி படுமோசம், அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். தோற்க வேண்டிய படம் தோற்றது. ஆனால் தோற்ற காரணம் பிழை. அன்று பரிசு வாங்கிய மூன்று படங்களையும் நினைத்துப் பாருங்கள். ஒன்று போதைப்பொருள், ஒன்று தற்கொலை, ஒன்று முதியோர் இல்லத்தில் விடப்பட்ட தாய். மூன்றும் கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வசனத்தோடு முடிந்தன. எடுத்த பொடியன்களில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கெட்டித்தனத்தை அவர்கள் செலவழித்தது ஏழாம் விதிக்கு.

நான் கருத்தில்லாமல் படமெடுக்கப் பழகியது ஒரு சேர்ச் மண்டபத்தில். லண்டனின் ஓரத்தில் நான் இருக்கும் ஊரின் நூலகத்தில், அறிவிப்புப் பலகையில் ஒரு கடுதாசி குத்தியிருந்தது. சினி கிளப், திங்கட்கிழமை இரவு எட்டு மணி, புதியவர்கள் வரலாம். என் வயதுப் பொடியன்கள் நாலைந்து பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். பதினொரு பேர் இருந்தார்கள். அந்த மண்டபத்தில் எழுபது வயதுக்குக் குறைந்தவை நானும் தேத்தண்ணிக் கேத்தலும்தான்.

ஓய்வுபெற்ற தபால்காரர், ஓய்வுபெற்ற பிளம்பர், புவியியல் படிப்பித்த ஆசிரியை, வங்கியில் வேலைபார்த்த ஒரு தம்பதி. முப்பது, நாற்பது வருசமாகத் திங்கட்கிழமைகளில் கூடிப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காசுக்கில்லை, தொலைக்காட்சிக்கில்லை. எடுத்ததில் பெரும்பகுதி வீட்டுக்குள் நடக்கும் பகிடி. மனைவியின் கம்பளிச் சட்டையைத் துவைத்துச் சுருக்கிவிட்டு, அதைப் பேத்தியின் பொம்மைக்குப் போட்டு மறைக்கும் கிழவர். சுவர்க்கடுதாசி ஒட்டப்போய்க் கதவையும் சேர்த்து ஒட்டிவிட்டு அறைக்குள் அகப்படும் புதுத் தம்பதி. எட்டு நிமிடம், பத்து நிமிடம்.

முதன்முதலில் என்னைச் சேர்த்துக்கொண்ட படத்தில் ஒரு மனுசன், பிளம்பரைக் கூப்பிட்டால் எண்பது பவுண் என்று சொல்லிவிட்டுக் குசினித் தொட்டிக்குக் கீழே தானே புகுந்து குழாய் திருத்தப் பார்க்கிறான். அந்த வேடம் எங்கள் பிளம்பருக்கு. நாற்பது வருசம் குழாய் முறுக்கின கை. அவர் சாவியைப் பிழையான பக்கம் திருப்ப வேண்டும், தண்ணீர் முகத்தில் பீச்ச வேண்டும். கமரா ஓடும். மனுசன் சரியான பக்கம் திருப்பிவிடுவார். தண்ணீர் வராது. மன்னிப்புக் கேட்பார். திரும்ப எடுப்போம், திரும்பவும் கை தன்பாட்டில் சரியாகவே போகும். ஆறு தரம். நான் அலுமாரிக்குள் தலையை விட்டு லைட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், முழங்கால் இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. கடைசியில், இயக்கிக்கொண்டிருந்த ஆசிரியை குனிந்து அவர் காதுக்குள், ‘உங்கடை மச்சான் இதைத் திருத்தினா எப்பிடித் திருத்துவார்?’ என்ற மாதிரி எதையோ கேட்டார். பிளம்பரின் முகம் மாறியது. உதட்டைப் பிதுக்கி, உலகத்தில் எல்லாம் தெரிந்தவன்போலச் சாவியைப் பிடித்து, ஒரே முறுக்கில் பிழையான பக்கம் முறுக்கினார். தண்ணீர் என் சட்டைக்குள்ளால் போனது. அந்தக் காட்சிதான் படத்தில் இருக்கிறது. கவனித்துப் பார்த்தால் மூலையில் வெளிச்சம் துள்ளுவதும் தெரியும்.

இந்த மாதிரிக் கிளப்புகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப்போனேன். 1922 இன் கடைசியில் பிரான்சில் பத்தே நிறுவனம் வீட்டில் வைத்துப் படம் காட்ட 9.5 மில்லிமீற்றர் பிலிமுக்கு ஒரு சின்னப் புரொஜெக்டரை விற்கத் தொடங்கியது. பெயர் ‘பத்தே பேபி’. 1923 இல் அதே பிலிமுக்குக் கமராவும் வந்தது, அமெரிக்காவில் கோடக்கின் 16 மில்லிமீற்றரும் வந்தது. தியேட்டர்களில் ஓடிய நைத்திரேற்றுப் பிலிம் தீப்பற்றினால் அணையாது. இவை இலேசில் தீப்பற்றாத பிலிம், ஆகையால் முன்னறையில் பிள்ளை குட்டிகளுக்கு நடுவில் வைத்து ஓட்டலாம். 1926 இல் நியூயோர்க்கில் ஹிராம் பெர்சி மக்சிம் என்ற பொறியியலாளர் அமெச்சூர் சினிமா லீக்கைத் தொடங்கினார். அதற்கு முன்பே அமெரிக்காவின் அமெச்சூர் வானொலிக்காரரை ஒன்றுசேர்த்தவரும் அவர்தான். துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்சரைக் கண்டுபிடித்தவரும் அவர்தான் என்பதை நினைத்து எனக்கு அடிக்கடி சிரிப்பு வரும், அவருடைய லீக் எடுத்தவையும் தொடக்கத்தில் சத்தமில்லாத படங்கள்தானே. இங்கே பிரித்தானியாவில் அமெச்சூர் படமெடுப்போருக்கான நிறுவனம் 1932 இல் வந்தது. ஐ.ஏ.சி. என்பார்கள், இன்றும் இருக்கிறது. ‘அமெச்சூர் சினி வேர்ல்ட்’ என்ற சஞ்சிகை 1934 இல் தொடங்கி, 1936 முதல் ஆண்டின் சிறந்த பத்துப் படங்களுக்குப் போட்டி வைத்தது.

இவர்கள் ஏன் வீட்டுப் பகிடியைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு அதைவிடச் சுவையான விசயம். ஆசையை விடத் தட்டுப்பாடு பெரிய காரணம். 1932 இல் வந்த 8 மில்லிமீற்றர் பிலிம் உண்மையில் 16 மில்லிமீற்றர் அகலம். இருபத்தைந்து அடிச் சுருளை ஒரு பக்கம் எடுத்து முடித்து, இருட்டான இடமாகப் பார்த்துக் கமராவைத் திறந்து, சுருளைப் பிரட்டிப் போட்டு மற்றப் பக்கம் எடுக்க வேண்டும். கழுவுகிற இடத்தில் நடுவால் கிழித்து ஒட்டித் தருவார்கள். எல்லாம் சேர்த்து நாலு நிமிடம். பிரட்டினதை மறந்து இன்னொரு தரம் ஓட்டிவிட்டால் கலியாணக் கேக்குக்கு மேலே கடற்கரை விழும். விசையை அமத்துகிற ஒவ்வொரு வினாடியும் காசு. ஆகவே கதையை முன்னாலேயே கடுதாசியில் எழுதிக்கொள்வார்கள். நடிகர்கள் மனைவி, பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர், நாய். உடுப்பு அலுமாரியில் உள்ளது. செற் குசினி.

அந்தக் குசினியும் இலகுவில் கிடைத்ததல்ல. அன்றைய பிலிமுக்கு வெளிச்சம் போதாது, வீட்டுக்குள் எடுப்பதென்றால் கண் கூசுகிற போட்டோபிளட் பல்புகள் வேண்டும். அவற்றுக்குச் சில மணி நேரந்தான் ஆயுள். கணக்கப் பல்புகளை ஒன்றாகப் போட்டால் வீட்டு பியூஸ் போய்விடும். அதனால்தான் பழைய கிளப் படங்களில் குடும்பச் சண்டை எல்லாம் தோட்டத்தில் நடக்கிறது. உடுப்புக் காயப்போடும் கொடி, மடக்குக் கதிரை, புல்லுவெட்டும் மெசின், தண்ணிக் குழாய். எங்கள் தபால்காரர் சொல்வார், தன் தகப்பன் எடுத்த படங்களைப் பார்த்தால் அந்தக் காலத்து ஆங்கிலேயர் வீட்டுக்குள் வாழ்ந்ததே இல்லை என்றுதான் நினைக்க வேண்டும் என்று.

இதெல்லாம் உயர்ந்த கலை என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் திங்கட்கிழமைகளில் பழைய சுருள்களைப் பார்த்ததில் எனக்கே அலுத்தது. மனைவி என்றால் நச்சரிப்பவள், மாமியார் என்றால் பயங்கரம், கணவன் அடிபட்டு விழுபவன். நாலில் மூன்று அப்படித்தான். இத்தனைக்கும் முழுக்கப் பெண்களே சேர்ந்து எடுத்த அமெச்சூர் நகைச்சுவைப் படமொன்று இங்கிலாந்தில் 1928 இலேயே வந்துவிட்டது. ஆனால் மீதி ஒன்று இருக்கிறதே, அதில் நடிக்கிறவர் ஒரு பாணைத் துண்டுபோடுகிற விதத்தில், ஒரு கதவை முழங்கையால் தள்ளுகிற விதத்தில் ஏதோ அகப்பட்டுவிடும். பெரிய கமராவுக்கு முன் எந்த நடிகரும் அப்படித் தள்ள மாட்டார்.

இப்போது ஏழாம் விதிக்கு வருகிறேன். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கிராண்ட் கஃபேயில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக் காட்டிய பத்துப் படத் துண்டுகளில் ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். தோட்டக்காரர் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார், பின்னால் ஒரு பொடியன் குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நின்றுவிடுகிறது, அவர் குழாய் வாயை எட்டிப் பார்க்கிறார், பொடியன் காலை எடுக்கிறான். நடித்தவர் அந்த வீட்டுத் தோட்டக்காரரேதான். இன்னொரு துண்டில் ஒகஸ்ட் லூமியரும் மனைவியும் தங்கள் குழந்தைக்குத் தீத்துகிறார்கள். சினிமாவின் முதல் பகிடியும் முதல் வீட்டு வீடியோவும் இவைதான் என்று சொன்னால் பிழையில்லை. உங்கள் படிவத்தை நிரப்பச் சொன்னால் லூமியர் சகோதரர்கள் ஏழாவது கட்டத்தில் என்ன எழுதுவார்கள்? நீர்வளத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல்?

எங்கள் நாட்டுக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1956 இல் ‘ரேகாவ’ எடுத்துச் சிங்கள சினிமாவை ஸ்ரூடியோவுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் அதற்கு முன் லண்டனில் பத்திரிகை வேலையில் இருந்த காலத்தில் ஓய்வு நேரத்தில் குறும்படம் எடுத்து, இதே பிரித்தானிய அமெச்சூர் போட்டிகளில் பரிசு வாங்கியவர். நீங்கள் மண்டபம் எடுத்து விழா வைக்கும் இதே நகரத்தில்.

ஆனால் எனக்குப் பிடித்த ஆள் சிட் லாவெரன்ட்ஸ். அமெரிக்காவில் சான் டியேகோ அமெச்சூர் கிளப் உறுப்பினர். இளமையில் மேடைகளில் தனியாளாகப் பல வாத்தியம் வாசித்தவர், பிறகு விமானத் தொழிற்சாலையில் பொறியியல் வேலை. 1970 இல், அறுபது வயது தாண்டிய பிறகு, வீட்டிலேயே ஒன்பது நிமிடப் படம் ஒன்று எடுத்தார். நத்தாருக்கு மனைவி ஒரு ரேப் ரெக்கோடர் பரிசளிக்கிறார். மனுசன் அதை வைத்து ஒவ்வொரு வாத்தியமாகத் தானே வாசித்துப் பதிந்து ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்குகிறார். திரையிலும் அவர் ஒன்று, இரண்டு, நாலு என்று பெருகிக்கொண்டு போகிறார். கொம்பியூட்டர் இல்லை. கமராவிலேயே பிலிமைப் பின்னுக்குச் சுற்றிச் சுற்றி, ஒரே துண்டில் திரும்பத் திரும்ப எடுத்தது. ஒரு இடத்தில் பிழைத்தால் முதலில் இருந்து எல்லாம். கிளப்காரர்களுக்குக் காட்டவென்று எடுத்த படம் அது. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. கருத்து என்னவென்று கேட்டால், ஒரு மனுசனுக்கு ரேப் ரெக்கோடர் கிடைத்தால் சும்மா இருக்கமாட்டான் என்பதுதான்.

சரி, வெள்ளைக்காரன் சிரிப்பான், அவனுக்கென்ன, நாங்கள் இவ்வளவு இழந்துவிட்டு வந்து தூள் வறுக்கிறதைப் படமெடுத்துச் சிரிக்கிறதா என்று உங்கள் கொமிற்றியில் ஒருவர் கேட்டாராம். கேள்விப்பட்டேன். அவருக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எங்கள் வீட்டிலும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டோம். மழை. நாவற்குழிப் பக்கம் அடி வைக்க இடமில்லை. அப்பம்மா ஒரு சாக்குப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார், ஆரையும் தொட விடவில்லை. நகையாக்கும், காணி உறுதியாக்கும் என்று நாங்கள் நினைத்தோம். விடிந்து ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கின பிறகு அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே அம்மிக் குழவி. அம்மி இல்லை, குழவி மட்டும். ‘அம்மி எங்கையும் இரவல் வாங்கலாம், கைக்குப் பழகின குழவி கிடைக்குமே?’ என்று அப்பம்மா கேட்டார். சித்தப்பா சிரிக்கத் தொடங்கினார். பிறகு அம்மா. பிறகு அந்த வகுப்பறையில் ஒதுங்கியிருந்த முன்பின் தெரியாத ஆக்களெல்லாம். அந்த இடப்பெயர்வைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஆர் கதைத்தாலும் முதலில் வருவது அந்தக் குழவிதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வாய்க்கு வரும்.

வீட்டுப் பகிடி எங்களுக்குப் புதிதுமில்லை. சானாவின் ‘லண்டன் கந்தையா’ நாடகம் இலங்கை வானொலியில் போனபோது எங்கள் தாத்தாமார் வானொலிப்பெட்டியைச் சுற்றி இருந்து கேட்டுச் சிரித்தார்கள். இன்று லண்டனில் உண்மையான கந்தையாக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். ஆனால் கமராவைக் கண்டதும் எங்களுக்கு என்ன நடக்கிறதோ தெரியாது. நாள் முழுக்க ‘என்ன செய்யிறாய், இஞ்சை வா’ என்று கதைக்கிறவன், கமராவுக்கு முன் வந்ததும் ‘என்னடா பண்ற, இங்க வாடா’ என்கிறான். பரிசு வாங்கின அந்த மூன்று படங்களிலும் அதே கோடம்பாக்கப் பேச்சுத்தான். தற்கொலையையும் போதைப்பொருளையும் இரவல் மொழியில் எடுத்துவிடலாம். மாமி தூள் வறுக்கிறதை எடுக்கேலாது. ‘தாச்சியை இறக்கு, கருகுது’ என்பதை வேறு எந்தத் தமிழில் சொல்வது?

மாமியும் அந்தப் பிளம்பரைப் போலத்தான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அலாம் அடிப்பதற்கு மிளகாயைக் கொஞ்சம் கருகவிடுங்கோ என்று கேட்டேன். ‘கமரா நிக்குது எண்டதுக்காக நான் தூளைக் கருக்கேலாது’ என்றார். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் என்று ஒவ்வொன்றாக நிதானமாக வறுத்து முடித்தார். அலாம் அடிக்கவே இல்லை. எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துக் காலணி போட்டுக்கொண்டிருக்கிறேன், மாமி கடைசியாகக் கறிவேப்பிலையைத் தாச்சியில் போட்டார், அலாம் வீடு அதிர அடித்தது. மாமா கதிரையில் ஏறி விழப்பார்த்தார். அதை நான் போனால் எடுத்தேன், சத்தமும் போன் சத்தம். ஒலி ஏன் மோசம் என்று இப்போது விளங்கியிருக்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரராக வந்தவர் எங்கள் கிளப்பின் தபால்காரர். அவர் இருமியது நடிப்பில்லை.

எனக்குத் தெரிந்து எங்கள் வீடுகளில் எடுக்காமல் கிடக்கும் படங்கள் கணக்க. கொழும்புப் பயணத்துக்கு முதல் நாள் இரவு குளியலறைத் தராசில் சூட்கேசை வைத்து, எண் தெரியாதபடியால் அத்தான் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு தானே தராசில் ஏறி, தன் நிறையைக் கழிக்கப்போக, அத்தானின் உண்மையான நிறை முதன்முதலாக அக்காவுக்குத் தெரியவருவது. சாமத்திய வீட்டில் வாசலில் கழற்றின நூறு சோடிச் சப்பாத்துகளில் ஒன்று மாறிப்போய், அடுத்த ஒரு வாரம் இரண்டு குடும்பம் மரியாதை கெடாமல் அதைத் திருப்பிக் கேட்கப் படும் பாடு. ஆருக்கும் விருப்பமென்றால் எடுத்துக்கொள்ளலாம், நான் உரிமை கோரமாட்டேன். சூட்கேஸ் கதையை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏழாம் விதியை எடுத்துவிடுங்கள். அது முதல் வேலை. அதற்குப் பதிலாக இன்னொரு விதி போடாதீர்கள், ‘சிறந்த நகைச்சுவைப் படம்’ என்று ஒரு கேடயமும் வேண்டாம். போட்டி வருசத்தில் ஒருநாள். அதற்காக எடுக்கிற பொடியன் வருசத்தில் ஒரு படந்தான் எடுப்பான், அதையும் நடுவருக்காக எடுப்பான். எங்கள் கிளப்பில் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை ‘காட்டுகிற இரவு’. ஆர் எதைக் கொண்டுவந்தாலும் போடுவார்கள். முடிந்ததும் லைட்டைப் போட்டு, தேத்தண்ணி ஊற்றி, வட்டமாக இருந்து ஒவ்வொருவராகச் சொல்வார்கள். எங்கே சிரித்தேன், எங்கே சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை. அவ்வளவுதான் கேள்வி. ‘தூள்’ படத்தைப் போட்டபோது வங்கித் தம்பதியில் மனைவி சொன்னார், மாமா கதிரையில் ஏறுவதற்கு முன் கதிரையை ஒருதரம் துடைக்கிறாரே, அதை இன்னும் கிட்டப் போய் எடுத்திருக்கலாம் என்று. அவர் துடைத்ததை நான் கவனித்ததே இல்லை. உங்கள் நடுவர் குழுவில் ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு எப்படியும் மண்டபம் எடுக்கிறீர்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு ஏத்த வரும்வரைக்கும் தாய்தகப்பன்மார் கார் பார்க்கிலும் கன்ரீனிலும்தான் நிற்கிறார்கள். ஒரு வகுப்பறையை மாதத்தில் ஒருதரம் தாருங்கள். புரொஜெக்டர் உங்களிடம் இருக்கிறது, ஆண்டு விழாவுக்கு மட்டும் வெளியில் எடுக்கிறீர்கள்.

அதைவிட நல்ல வழியொன்றும் இருக்கிறது. இங்கத்தைய கிளப்புகள் செத்துக்கொண்டிருக்கின்றன. பிரட்ஃபோர்டில் 1932 இல் தொடங்கிய கிளப்பைப் பற்றி 2022 இல் ஒரு ஆவணப்படம் வந்தது, பார்த்திருப்பீர்கள். வாடகை கட்டக் காசில்லாமல், ஆளும் குறைந்து, ஆனாலும் குதிரையில் ஏறி மியூசிக்கல் காட்சி எடுக்க நிற்கிறார்கள் கிழவர்கள். என் கிளப்பும் அதே நிலைதான். நான் சேர்ந்தபோது பதினொரு பேர், இப்போது ஏழு. அவர்களிடம் லைட் இருக்கிறது, மைக் இருக்கிறது, எடிட்டிங் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆட்களிடம் குசினி இருக்கிறது, அந்தக் குசினிக்குள் மூன்று தலைமுறை இருக்கிறது. உங்கள் சங்கக் கடிதத்தாளில் ஒரு கடிதம் எழுதி, ஊருக்கு ஊர் இருக்கும் இந்தக் கிளப்புகளோடு ஒருதரம் கதையுங்கள். மறுக்கமாட்டார்கள். உறுப்பினர் கட்டணம் ஒரு குடும்பப் பிரியாணியை விடக் குறைவு.

இன்னொன்று. சென்ற வருசம் ஆசிரியையின் வீட்டு மேல்மாடியில் இருந்து பழைய தகரப் பெட்டிகளை இறக்கினோம். முதலாவதைத் திறந்ததும் வினாகிரி மணம் மூக்கில் அடித்தது. பழைய அசற்றேற்றுப் பிலிம் அழியும்போது அப்படித்தான் மணக்கும். உள்ளே பிலிம் சுருண்டு அலையலையாக நெளிந்து கிடந்தது. மிஞ்சியவற்றைக் காப்பகத்துக்குக் கொடுக்க ஒழுங்கு செய்திருக்கிறோம். நோரிச்சில் உள்ள கிழக்கு ஆங்கிலியத் திரைப்படக் காப்பகத்தில்தான் ஐ.ஏ.சி. சேர்த்துவைத்த அமெச்சூர் படங்களும் இருக்கின்றன. நடித்தவர் கோமாளித்தனம் பண்ண, பின்னால் நிற்கும் அடுப்பையும் சுவர்க்கடுதாசியையும் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். எங்கள் ஆட்களின் வீடுகளில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த வீஎச்எஸ் கசற்றுகள் கராஜில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. எல்லாம் கலியாணமும் சாமத்திய வீடும்தான், ஆனால் கமராக்காரர் தாலி கட்டுமுன் குசினிப் பக்கம் ஒருதரம் திருப்பியிருப்பார், அந்தத் துண்டுகளைப் பாருங்கள். கேடயத்துக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பகுதியை அவற்றை டிஜிட்டலாக்கச் செலவழிக்கலாம்.

மடல் நீண்டுவிட்டது. வருகிற ஞாயிறு சூட்கேஸ் படம் எடுக்கிறோம். அத்தான் தராசில் ஏற ஒத்துக்கொண்டுவிட்டார், ஆனால் எண்ணைக் கிட்டத்தில் காட்டக்கூடாதாம். அதைக் காட்டாமல் எப்படி எடுப்பது என்று திங்கட்கிழமை கிளப்பில் கேட்க இருக்கிறேன். உங்கள் கொமிற்றியில் ஆருக்காவது வரவிருப்பமென்றால் எட்டு மணிக்கு முன் வந்தால் நல்லது, பிறகு பிஸ்கற் மிஞ்சாது.

இப்படிக்கு,
‘தூள்’ எடுத்தவன்